மைதா அண்ணன் எழுதிய இருபத்து மூன்றாம் வாரம்

சேலம் ஜில்லாவில் நாவல் எழுதியவர்கள் பலர் இருக்கலாம். நாவல்களைக் கெடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மைதா அண்ணன். நான் ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த எட்டு நாவல்களை அவர் ஒற்றை ஆளாகப் பாழாக்கினார். முதல் பக்கத்தில் எழுத்தாளர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டுக்கொள்ளாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். அஸ்தம்பட்டியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நான் இருந்தேன். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. விடுதியில் மொத்தம் பதினாறு பேர். குளியலறைக்குச் சண்டை, ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை, ஊறுகாய் பாட்டிலுக்குச் சண்டை. பதினாறு பேரும் ஒற்றுமையாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: தொடர்கதை.

வாரப் பத்திரிகை வந்தால் எல்லோரும் படித்து முடிக்க மூன்று நாள் ஆகும். நான்காம் நாள் பிளேடால் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அறுத்தெடுத்து, என் டிரங்குப் பெட்டியில் வாரவாரியாக அடுக்குவேன். கதை முடிந்ததும் மொத்தத்தையும் தைத்து அட்டை போட்டால் அதுதான் எங்கள் நாவல். அதே கதை கடையில் புத்தகமாகவும் வந்திருக்கும். ஆனால் அதில் படம் இருக்காது, மூலையில் சிரிப்புத் துணுக்கு இருக்காது, கதாநாயகி விம்மி அழும் பக்கத்துக்குப் பின்னால் பல்பொடி விளம்பரம் இருக்காது. இதெல்லாம் இல்லாமல் என்ன நாவல்?

அந்தக் காலத் தொடர்கதைகளில் யாராவது தொலைந்துபோயே ஆகவேண்டும். தேர்த்திருவிழா என்று ஒன்று வந்துவிட்டால், குழந்தையின் கையை அம்மா விடப்போகிறாள் என்று அர்த்தம். அந்தக் குழந்தை வளர்ந்து, 'நான் யார், என்னைப் பெற்றவர் யார்' என்று நாற்பது வாரம் ஊர் ஊராகத் தேடும். நாற்பத்தோராவது வாரத்தில் பார்த்தால் பெற்றவர் எதிர்வீட்டிலேயே குடியிருப்பார். நாங்கள் அதற்கும் அழுவோம்.

இந்தக் கண்ணீரையெல்லாம் தைத்து ஒட்டிக் கொடுக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் மைதா அண்ணன் வருவார். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி. ஹேண்டில்பாரில் தொங்கும் தூக்கில், மைதா காய்ச்சிய பசை. சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த கோணி ஊசி. நாற்பது வயது இருக்கும். எங்கள் சைக்கிள் ஷெட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழமாட்டார். பசையை வைத்து நாங்கள் சூட்டிய பெயர்தான் மைதா அண்ணன். நிஜப்பெயர் என்ன என்று பதினாறு பேரில் ஒருத்தியும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதிதாக வந்த சமையல்காரம்மா ஒருமுறை அந்தத் தூக்கைப் போண்டா மாவு என்று நினைத்து, எண்ணெயில் உருட்டிப் போடவே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கத்திக்கொண்டே சமையலறைக்குள் ஓடிவந்தார்.

"அய்யோ, வேண்டாமுங்க! அதுல மயில்துத்தம் கலந்திருக்குதுங்க! பூச்சி சாவறதுக்குப் போடறதுங்க!"

வார்டனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, தட்டோடு காத்திருந்தார், அவ்வளவுதான். என் அறைத்தோழி வசந்தா மட்டும் வாணலியை எட்டிப் பார்த்து, "ஆனா நல்லா உப்பி வந்திருக்குதுங்ண்ணா" என்றாள். வசந்தா குமாரபாளையத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். எதற்கும் மார்க் போட்டே பழக்கம்.

பைண்டிங் செய்கிறவர் பக்க எண்ணைப் பார்த்தால் போதும். இவர் கதையையே படிப்பார், முதல் வாரம் தொடங்கிக் கடைசி வாரம் வரை, வாய்விட்டு. படித்து முடித்து, கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். அதனால் மற்றவர் மூன்று நாளில் செய்யும் வேலைக்கு இவருக்கு மூன்று மாதம் ஆகும். நடுவில் எங்களில் யாராவது ஷெட்டுப் பக்கம் போனால் பிடித்துக்கொள்வார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பெரியண்ணன் இருக்கறானே, இவன் மனுசனுங்களா? தங்கச்சி ஊட்டை உட்டுப் போறா. இவன் ஊஞ்சல்ல உக்காந்து வெத்தலை போடறான்!"

"கதைதானேண்ணே?" என்றேன்.

"கதைதானுங்க. அதுக்குன்னு அப்பப் பாத்து வெத்தலை போடோணுமா?"

அந்தக் கதையை அவர் பைண்டு செய்யவே இல்லை. அடுத்த வாரம் பக்கங்களைச் சணல் போட்டுக் கட்டி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை நானு தைக்க மாட்டனுங்க. நூலுக்குப் பாவம்" என்றார்.

அட்டைக்கு அவர் எடுப்பது ஜவுளிக்கடைப் பெட்டிகளை. அதனால் எங்கள் நாவல்களைத் திறந்தால் உள்ளட்டையில் 'நனையாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று அச்சடித்திருக்கும். அட்டையின் முதுகில் ஒட்டும் துணியில்தான் அவருடைய அக்கிரமம் ஆரம்பிக்கும். தொலைந்தவர் கிடைத்துவிட்டால் பச்சைத் துணி. கிடைக்காவிட்டால் காவித் துணி. ஐம்பத்திரண்டு வாரம் எழுத்தாளர் கட்டிக்காத்த ரகசியத்தை, புத்தகத்தைத் திறக்காமலே அலமாரியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முறையிட்டால், "முன்னாடியே தெரிஞ்சா மனசைத் தேத்திக்கிட்டுப் படிக்கலாமுல்லங்க" என்பார்.

இதையும் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஐம்பத்திரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு வாரம் எப்படியும் காணாமல் போகும். ஒன்றில் யாராவது பக்கோடா மடித்திருப்பார்கள். இன்னொன்றை வார்டனம்மாவின் நாத்தனார் ரயிலில் படிக்க எடுத்துப்போயிருப்பார். "அதுக்கென்னுங்க, நானு பாத்துச் சேத்துக்கறேன்" என்றார் மைதா அண்ணன். எங்கேயோ பழைய பேப்பர் கடையில் தேடிப்பிடித்துச் சேர்ப்பார் போல என்று நாங்களும் நம்பினோம்.

முதலில் மாட்டியது ஒரு டாக்டர் குடும்பத்துக் கதை. வசந்தா சத்தமாகப் படிக்க, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பதினான்காம் வாரத்தின் முடிவில், சென்னையில் ஆபரேஷன் அறை. டாக்டர் கத்தியை எடுக்கிறார். மேஜையில் படுத்திருப்பது தொலைந்துபோன சொந்தத் தம்பி என்று அவருக்குத் தெரியாது. வசந்தா பக்கத்தைத் திருப்பினாள். பதினைந்தாம் வாரம் அச்சில் இல்லை. வெள்ளைத் தாளில், வயலட் மையில், குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது.

'இது இப்படியிருக்க, மல்லசமுத்திரத்தில் பொழுது விடிந்தது. பச்சைத் தாவணி கட்டிய பெண் ஒருத்தி கையில் பையோடு சேலம் பஸ்ஸில் ஏறினாள். அவளுடைய அண்ணன் புளியமரத்தடியில் நின்றான். கூப்பிட வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. அண்ணன் இன்னும் அங்கேயே நிற்கிறான்.'

பதினாறாம் வாரத்தில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி பிழைத்தானா என்று தெரிய எங்களுக்கு இன்னும் ஆறு வாரத்துப் பக்கங்கள் படிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கதையில் வாரம் விட்டுப்போனாலும் அந்த பஸ் வந்து நின்றது. எஸ்டேட் முதலாளி கதையில் மல்லசமுத்திரம் பஸ். கல்கத்தாவில் நடக்கும் கதையிலும் மல்லசமுத்திரம் பஸ். அதே பச்சைத் தாவணி, அதே புளியமரம். புது நாவல் வந்தால் வசந்தா முதலில், "இதுல பஸ்ஸு எங்க நிக்குதுன்னு பாருங்கடி" என்பாள். விடுதியில் யாராவது சோற்றுத்தட்டின் முன்னால் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், "என்னடி, தாவணி பஸ் ஏறிட்டாளா?" என்று கேட்பது எங்கள் விடுதிப் பழமொழியே ஆகிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பெல்லாம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டிருக்கும்.

என் உயிரான நாவல் ஒன்று இருந்தது. அநாதை இல்லத்தில் வளர்ந்த நர்ஸ் ஒருத்தி தன்னைப் பெற்ற தாயைத் தேடிப்போகிற கதை. கடைசி வாரத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடித்து வாசலுக்குப் போய் நிற்கும்போது, உள்ளே தாயின் படத்துக்கு மாலை போட்டிருக்கும். அதில் இருபத்து மூன்றாம் வாரம் மட்டும் என்னிடம் இல்லை. பக்கங்களைக் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொன்னேன்.

"அண்ணே, இதுல எதுவும் எழுதக் கூடாது. வெறும் தாளை வெச்சுத் தைங்க, போதும்."

"ஆகட்டுமுங்க" என்றார். மூன்று மாதம் கழித்து, காவித் துணி முதுகோடு புத்தகம் வந்தது. இருபத்து மூன்றாம் வாரத்தில் மல்லசமுத்திரத்தில் பொழுது விடிந்திருந்தது.

ஷெட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். "யார் கதையில யார் எழுதறது? உங்களை யார் கேட்டாங்க?"

அவர் பசைத் தூக்கைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "எடம் காலியா இருந்துச்சுங்க. காலியா இருந்தா ஏறி உக்கார்றதுதானுங்களே வழக்கம்."

நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருகிறவரோடு நாலு நாள் பேசாமல் இருப்பது எப்படி என்று வசந்தா கேட்டாள். அவளோடும் பேசவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போன வசந்தா அந்த நாவலை எடுத்துப்போனாள். குமாரபாளையத்தில் அவள் அண்ணி படித்தார். பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று தறிக்காரர்கள் தெரு முழுக்கச் சுற்றியது. ஆடிப்பெருக்குக்குப் போனபோதுதான் வசந்தாவால் அதை மீட்டுவர முடிந்தது. தறிநூலுக்குப் போடும் பாவுக் கஞ்சியின் வாசனையும் மஞ்சள் கறையுமாக வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது பென்சிலால் எதையாவது எழுதியிருந்தார்கள். 'ஐயோ பாவம்'. 'இவன் உருப்படமாட்டான்'. 'இந்த இடத்தில் நான் அழுதேன் – இப்படிக்குக் கமலா'. நான் டைப்பிஸ்ட். தாளில் வேண்டாத எழுத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரப்பரும் கையுமாக உட்கார்ந்து, முதல் வாரத்திலிருந்து வரிசையாக அழித்துக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்றாம் வாரத்தின் ஓரத்திலும், அந்த வயலட் மைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

'தாவணி பச்சை இல்லை, ஊதா. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கையில் பால் சொம்பு இருந்தது.'

ஒரு பைத்தியம் எழுதியதை இன்னொரு பைத்தியம் திருத்தியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துச் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அழுத்தித் தேய்த்து அழித்தேன். ஊதித் தூசியைத் தட்டினேன். தாள் பளிச்சென்று ஆனது.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைதா அண்ணன் ஷெட்டில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். சண்டையெல்லாம் பழசாகி நாங்கள் சமாதானம் ஆகியிருந்தோம். எட்டிப் பார்த்தேன். இன்னொரு நாவல், இன்னொரு காலி வாரம். வயலட் மை காய்ந்துகொண்டிருந்தது. சும்மா வாயைக் கொடுத்தேன்.

"ஏண்ணே, அந்தப் பொண்ணுக்கு வேற தாவணியே கிடையாதா? எப்பப் பார்த்தாலும் பச்சை. ஒரு தடவையாவது ஊதான்னு எழுதக் கூடாதா?"

பசைத் தூக்கு கவிழ்ந்தது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆருங்க சொன்னது, ஊதான்னு?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்களா நெனச்சுச் சொல்றீங்களா? ஆராச்சும் சொல்லிக் கேட்டீங்களா?" அவர் குரல் மாறியிருந்தது. "நெசத்தைச் சொல்லுங்க சாமி."

எனக்குப் பயமாகிவிட்டது. நர்ஸ் கதையில் யாரோ பென்சிலால் எழுதியிருந்ததையும் நான் அழித்துவிட்டதையும் சொன்னேன். டைப்பிஸ்டுக்குப் பார்த்த வரி மறக்காது. மூன்று வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். பால் சொம்பு என்ற இடம் வந்ததும் அவர் சாக்கில் உட்கார்ந்தார், சிந்திய பசையின் மேலேயே.

"திரும்பிப் பாத்தாளா?" என்றார்.

"அப்படித்தான் எழுதியிருந்தது."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன். அதற்குள் வசந்தாவும் வந்துவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே அண்ணன் எங்கள் இருவரிடமும் சொன்னார்.

மல்லசமுத்திரம் பக்கம் அவர்களுக்கு நாலு ஏக்கர் காடு, கிணற்றுப் பாசனத்தில் வெள்ளாமை. ஒரே தங்கை. தொடர்கதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். ஊரில் யார் வீட்டுக்குப் பத்திரிகை வந்தாலும் கெஞ்சி வாங்கி, பக்கத்தை வெட்டி, கோணி ஊசியால் தானே தைத்து வைத்துக்கொள்வாள். கிணற்று மோட்டார் பழுதுபார்க்க வந்தவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் வேறு சாதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், விடிகாலை பஸ்ஸில் போய்விட்டாள். பால் கறந்துகொண்டு வந்த அண்ணன் பார்த்தார், கூப்பிடவில்லை.

"எங்கய்யன் அன்னைக்கே தலைமுழுகிட்டாருங்க. என்னைக் கூப்புட்டு வெளக்குமேல அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. அவளைத் தேட மாட்டேன், கடுதாசி போட மாட்டேன், பேரைச் சொல்ல மாட்டேன், மூணு சத்தியமுங்க. அய்யன் போயே பத்து வருசமாச்சு. அவரு போனாலும் சத்தியம் போகலீங்களே."

"அப்புறம்?" என்றாள் வசந்தா.

"கதை எழுதக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கலீங்க."

காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சேலத்துக்கு வந்து பைண்டிங் கற்றுக்கொண்டாராம். தங்கை எங்கே இருந்தாலும் தொடர்கதை படிக்காமல் இருக்கமாட்டாள். பைண்டு செய்த புத்தகம் ஒரு வீட்டில் நிற்காது, இரவல் போய்க்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று என்றைக்காவது அவள் கைக்குப் போகும். இதுதான் அவர் கணக்கு. எங்களுடையது போல எத்தனை விடுதி, எத்தனை வீடு, எத்தனை காலி வாரம் என்று அவருக்கே தெரியாது.

"நெறத்தை வேணும்னேதானுங்க மாத்தி எழுதினேன். படிக்கற ஆரு வேணும்னாலும் 'நாந்தான்'னு சொல்லிரலாமுல்ல? பச்சையில்லேன்னு எவ சொல்றாளோ அவதான் என் தங்கச்சி. பால் சொம்பை நானு எந்தக் கதையிலயும் எழுதவே இல்லீங்க. அவ பாக்கலேன்னுதான் நெனச்சிருந்தேன்."

அவர் வேண்டுமென்றே விட்டுவைத்த பிழை அது. பன்னிரண்டு வருடமாக யாராவது திருத்துவார்களா என்று காத்திருந்தார். ஒருத்தி திருத்தினாள். நான் அதை ரப்பர் போட்டு அழித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குமாரபாளையம் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மைதா அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கண்ணா, போலாம்" என்றாள் வசந்தா.

"நானு தேட வரலீங்க அம்மிணி. டீ குடிக்க வந்தேன். நீங்க போயிட்டு வாங்க."

தங்கையின் பெயரையாவது சொல்லச் சொன்னோம். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பெயர் தெரியாத ஒருத்தியைத் தேடி நாங்கள் தெருவுக்குள் போனோம். புத்தகம் போன வழியிலேயே, வசந்தாவின் அண்ணி வீட்டில் தொடங்கி வீடு வீடாக விசாரித்தோம். எங்கே போனாலும் புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு வீட்டில், நர்ஸின் தாயைக் கொன்றதற்காக என்னைத் திட்டினார்கள், நான்தான் எழுதினேன் என்று நினைத்து. 'இப்படிக்குக் கமலா'வையும் பார்த்தோம். அவர் இன்னொரு முறை அழுது காட்டினார்.

நான்காவது வீட்டுக்காரம்மா மட்டும் எங்களை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பொஸ்தகமா? எங்கூட்டுப் பின்னால குடியிருந்தவ வாங்கிப் படிச்சா. அவ ஊட்டுக்காரரு தறி மோட்டாரு ரிப்பேரு பாக்கறவரு. ரெண்டு நாளு அதைக் கையில வெச்சுக்கிட்டுச் சோறே ஆக்கலீங்க. ஏன்டின்னு கேட்டா, 'சோகக் கதைங்க்கா'ன்னா."

"இப்ப எங்கே அவங்க?" என்று கேட்டேன்.

"தீவாளி கழிச்சுக் காலி பண்ணிட்டாங்க. வேலை கெடைச்சிருக்குன்னாங்க. ஊரு பேரு சொல்லிட்டுத்தான் போனா, எனக்குத்தான் வாயில வரமாட்டேங்குது." அந்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? பொஸ்தகம் போனதுல இருந்து ஞாயித்துக்கெழமை ஆனா அந்தப் புள்ள எங்கிட்ட வந்து நிப்பா. 'ஏனுங்க்கா, அந்தப் பொஸ்தகத்தைப் பத்திக் கேட்டு ஆராச்சும் வந்தாங்களா?'ன்னு கேப்பா. காலி பண்ணிப் போற அன்னைக்கும் கேட்டுட்டுத்தான் வண்டி ஏறினா."

நான் ரப்பரால் அழித்த அன்று அண்ணனின் தங்கை அங்கேதான் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் தீபாவளி வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் மைதா அண்ணன் எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து பச்சைத் தாவணி எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒன்பது காலி டீ கிளாஸ் இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக விடாமல் குடித்திருக்கிறார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"டீ நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, தங்கை குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள், வேலை கிடைத்து ஊர் மாறியிருக்கிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். கேட்டு மன்னிக்க வேண்டியவர் இப்போது இல்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மறுவாரம் நர்ஸ் நாவலைக் கேட்டு வாங்கி, இருபத்து மூன்றாம் வாரத்தைப் பிரித்து, ரப்பர் பட்டுத் தேய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"மறுக்கா எழுதுங்க அம்மிணி. அதே எடத்துல."

எழுதினேன். கையெழுத்து என்னுடையது, வார்த்தை அவளுடையது. மை காய்வதற்குக் காத்திருப்பதுபோல அவர் அந்தப் பென்சில் எழுத்தின்மேல் ஊதினார். புத்தகத்தை எடுத்துப்போனவர் மூன்றே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார், ஞாயிறு அல்லாத ஒரு நாளில். அவர் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. முதுகில் இருந்த காவித் துணியைக் கிழித்துவிட்டுப் பச்சை ஒட்டியிருந்தார்.

"அண்ணே, இந்தக் கதையில அம்மா கிடைக்கலையே? காவிதானே ஒட்டணும்?"

"அது அந்தக் கதைங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

கல்யாணமாகி நான் சேலத்தை விட்டுப் போனபிறகு அவரைப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்து வசந்தா, மைதா அண்ணன் இறந்துபோனார் என்று ஒரு கார்டு போட்டிருந்தாள். கடைசிக் காலத்தில் அவர் எழுதிய வாரங்களில் எல்லாம் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாளாம். தாவணி மட்டும் பச்சையாகவே இருந்ததாம். தங்கை வந்தாளா என்று வசந்தா எழுதவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பாள்.

என் புத்தகங்களை நான் யாருக்கும் இரவல் தருவதில்லை. தெருவில் எனக்குக் கஞ்சம் என்று பேர் உண்டு. அந்தப் பச்சை முதுகு நாவலை மட்டும் கேட்டவர்களுக்கு எல்லாம் தருகிறேன். கேட்காதவர்களுக்கும் தருகிறேன். உள்ளே ஒரு பென்சிலும் வைத்துத் தருகிறேன், முனையில் ரப்பர் இல்லாத பென்சில். திரும்பி வந்ததும் முதலில் இருபத்து மூன்றாம் வாரத்தைத்தான் புரட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கேயும் போவதில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டு யாராவது வந்தால் வீட்டில் ஆள் இருக்கவேண்டும்.